மகாராஜா இப்போது உழவர்

அந்த வருஷம் நினிவே அரண்மனையில் வாயைக் கட்டுவதுதான் எல்லாருக்கும் பெரிய வேலையாக இருந்தது. அறுவடை முடிந்த கையோடு சந்திர கிரகணம் வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, நிலவின் எந்தப் பக்கம் இருண்டால் அசீரியாவின் அரசனுக்கு ஆகாதோ அந்தப் பக்கமாகப் பார்த்து இருண்டது. நட்சத்திரம் பார்க்கிறவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பரிகாரப் பூசாரிகள் ஓடி வந்தார்கள். மறுநாளே, வழக்கம்போல, சிறையிலிருந்து ஒருவனை இழுத்து வந்து குளிப்பாட்டி, அரச உடை உடுத்தி, கழுத்தில் முத்திரையைத் தொங்கவிட்டு அரியணையில் உட்கார வைத்தார்கள். அரசனைத் தேடி வருகிற சாவு அவனைக் கண்டு அவனைக் கொண்டுபோகும். தானாக வரத் தாமதமானால் நூறு நாள் முடிவில் பூசாரிகளே அதற்கு ஒத்தாசை செய்வார்கள்.

அதுவரைக்கும் உண்மையான அரசர் அரசர் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு வயல், நாணல் வேலி, நாணல் குடிசை. அதற்குள் இருக்கிற அவர் ஓர் உழவர். பேச்சிலும் உழவர், எழுத்திலும் உழவர். யாராவது வாய் தவறி அவரை "மகாராஜா" என்று சொல்லிவிட்டால் வானத்தின் காதில் விழுந்துவிடும். பிறகு அரியணையில் உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட்டு, கிரகணம் நேராக வயலுக்கு நடந்து போகும்.

பிறநாட்டுத் தூதர்களைக் கவனிக்கும் அதிகாரி நினுவாயுவுக்கு இந்த வழக்கத்தில் அவநம்பிக்கை கிடையாது. அவர் அப்பா காலத்திலும் இப்படித்தான் செய்தார்கள். எரிச்சல் மட்டும் நிறைய இருந்தது. இருபது வருஷமாகத் தூதர்களோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். யார் எவ்வளவு குனியவேண்டும், யாருக்கு எந்த நாற்காலி, யார் யாரை "அண்ணன்" என்று அழைத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரகண காலத்தில் தூதர்களை எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள், அரசருக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி. ஆனால் அர்ஸூ மலைநாட்டுத் தூதன் அஸ்பாராவுக்கு எல்லை, காவல் எதுவும் தெரியாது. ஆட்டுத் தடம் ஒன்றைப் பிடித்து இறங்கி வந்து, நேராகத் தூதர் மாளிகை வாசலில் கழுதையைக் கட்டிவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

நினுவாயுவுக்குப் பகீரென்றது. மற்ற எந்த நாட்டுத் தூதன் வந்திருந்தாலும் வெறும் தலைவலிதான். இவன் வந்ததில் அவருடைய தம்பியின் உயிர் இருந்தது.

தம்பி லூ-பலாத் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மலைநாட்டுக்குத் தூது போனவன். போனவனை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். காரணம், அவர்கள் தலைவரின் மகன் தர்ஷீ நினிவேயில் "விருந்தாளி"யாகப் பிணை இருந்தான். "எங்கள் பையனை விடு, உங்கள் ஆளை விடுகிறோம்" என்றார் மலைத் தலைவர். "முதலில் நீ விடு" என்றார் அசீரிய அரசர். நீ முதலில், நீ முதலில் என்று இரண்டு பேரும் நாலு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். நினுவாயு களிமண்ணில் எழுதிப் போட்ட விண்ணப்பங்களை அடுக்கினால் ஒரு சுவர் எழுப்பலாம்.

"என்ன ஓய், ஊர்வலத்துல உங்க ராஜாவப் பாத்தேன்," என்றான் அஸ்பாரா, வறுத்த வெட்டுக்கிளியைக் காலைப் பிய்த்துப் போட்டு மென்றுகொண்டே. "போன தடவ வந்தப்ப மூக்கு இவ்வளவு பெருசா இல்லியே?"

"வயசானா மூக்கு வளரும்," என்றார் நினுவாயு.

"வளரட்டும், வளரட்டும். நான் மூக்கப் பாக்க வரல. இது கடைசித் தடவ, அதச் சொல்லத்தான் வந்தேன். எங்க பையன இப்ப குடுத்தீங்கன்னா உன் தம்பி வருவான். குடுக்கலன்னா, கணவாய்ல பனி விழுந்துரும், வசந்தம் வரைக்கும் வழி கிடையாது. அதுவரைக்கும் அவனுக்குச் சோறு போட எங்க தலைவருக்கு இஷ்டமில்ல. உங்க எதிரி, அந்த உரார்த்து நாட்டுக்காரன் கேட்டுட்டே இருக்கான். மாவரைக்க ஆள் வேணுமாம்."

"தூதனையா மாவரைக்க விடுவீங்க?"

"நாங்க விடல, அவன்தான் விடுவான். மாவரைக்கக் கண்ணு எதுக்குன்னு முதல்ல அதப் பிடுங்கிருவான். அவங்க வழக்கம் அது. நான் என்ன செய்ய?" அஸ்பாரா கெட்டவன் இல்லை. சொல்லும்போது மெல்லுவதை நிறுத்தியிருந்தான். "நல்ல பய உன் தம்பி. எங்க ஊர்ப் பாட்டெல்லாம் பாடுவான். சீக்கிரம் ஏதாவது பண்ணு."

நினுவாயு அன்றைக்கே வயலுக்கு ஓடினார்.

குடிசை வாசலில் ஒரு கலப்பை சாய்த்து வைத்திருந்தது. அதன் கொழுவில் மண் ஒரு பொட்டு இல்லை. உள்ளே நாணல் பாயில் உழவர் உட்கார்ந்து வறுத்த வாத்தைத் தின்றுகொண்டிருந்தார். இங்கே எப்படி வணங்குவது என்பதே பெரிய பாடு. முகம் தரையில் பட விழுந்தால் அது அரசனுக்குச் செய்கிற மரியாதை. விழாவிட்டால், நாளைக்கு இவர் மறுபடி அரசராகிறபோது ஞாபகம் வைத்திருப்பார். நினுவாயு இரண்டுங்கெட்டானாக வளைந்து நின்றார்.

"உழவரே, வணக்கம்."

"என்னய்யா, முதுகு பாதில நிக்குது? இதுக்குத்தான் காத்துட்டு இருந்தியோ?"

"அப்படியெல்லாம் இல்ல ம... மழை வர்ற மாதிரி இருக்கு, அதான் ஓடி வந்தேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அர்ஸூவிலேருந்து அஸ்பாரா வந்திருக்கான். தர்ஷீய அனுப்பலன்னா என் தம்பிய உரார்த்துக்குக் குடுத்துருவாங்களாம். ஒரு வார்த்தை நீங்க சொன்னா..."

உழவர் விரலை நக்கினார். "நான் உழவன்ப்பா. தூது கீதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஏர், மாடு, வெங்காயப் பாத்தி. அவ்வளவுதான் என் உலகம்."

"நூறு நாள் முடியறதுக்குள்ள பனி விழுந்துரும்."

"விழட்டும். என்னக் கேட்டா விழுது? ஆனா ஒண்ணு கேள்விப்பட்டேன். முதல்ல அவன்தான் விடணும்னு இந்த நாட்டுல ஒரு ராஜா சொல்லியிருந்தாராம். ரொம்ப நல்ல ராஜாவாம்." சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையில் தானே மயங்கிச் சிரித்தார். உடனே முகம் மாறி உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய், வாத்துல உப்பே இல்ல! சமைச்சவன் காத அறுங்கடா!"

நினுவாயு வேலியைத் தாண்டி வரும்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் அங்கே மேய்ந்த ஒரு மாட்டிடம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். உழவன் காது அறுக்கலாமாம், தூதனுக்குப் பதில் சொல்லக் கூடாதாம். வேண்டும்போது மகாராஜா, வேண்டாதபோது வெங்காயப் பாத்தி. கிரகணம் யாருக்குப் பிடித்ததோ இல்லையோ, அவர் தம்பிக்குப் பிடித்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கையை விரித்துவிட்டது, இருந்தாலும் மனசு கேட்காமல் தலைமைப் பரிகாரப் பூசாரி நபு-கஷிரிடம் போனார். நபு-கஷிர் ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன கேட்டீர்கள் என்று விசாரிப்பார்.

"ஒரு மத்தியான நேரத்துக்கு மட்டும் உழவர் அரசரா வந்து..."

"முடியாது. என்ன கேட்டீங்க?"

"அப்ப அந்த அரியணையில உக்காந்திருக்கானே, அவன..."

"அவனா!" பூசாரி எழுந்தே விட்டார். "வாயக் கழுவுங்க முதல்ல. உக்காந்திருக்கிறவர். அவர்தான் அசீரியாவோட மகாராஜா. வெளிய காட்டறதுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? நிலாச் சாமி சின் என்ன பொம்மையப் பாத்து ஏமாறுற முட்டாளா? ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. அவர் கழுத்துல தொங்குறது நிஜ முத்திரை. அவர் வாயில வர்றது நிஜ அரச வார்த்தை."

"ஒவ்வொரு வார்த்தையுமா?"

"ஒவ்வொரு வார்த்தையும்!"

நுணலும் தன் வாயால் கெடும். நினுவாயு அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். இத்தனை காலமாக இத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறார்கள். கறியும் பார்லிக் கள்ளும் கொடுத்துத் தூங்கப் பண்ணினார்களே தவிர, ஒருத்தரும் அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை. எதுவும் செய்யாதே என்று சொன்னதும் இல்லை. சொல்லவும் முடியாது. செய்யாதே என்றால் நீ அரசன் இல்லை என்று ஆகிவிடும்.

அரியணையில் இருந்தவன் பெயர் பர்ருக்கு. உட்கார வைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அரண்மனையில் யாரும் உச்சரிக்கவில்லை. டைக்ரிஸ் ஆற்றில், ஊதிக் கட்டிய ஆட்டுத்தோல்களின் மேல் தெப்பம் விட்டவன். துறையில் சுங்கம் வாங்குகிறவன் அவனுடைய தோல்களைப் பறித்துக்கொண்டபோது, கரையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அந்தச் சுங்கக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருக்கிறான். அதற்குத்தான் சிறை. நினுவாயு போனபோது அவன் அரச அங்கியைத் தொடை வரைக்கும் வழித்துவிட்டு மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிப் பாட்டுக்காரர்கள் யாரும் கேட்காத பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாய்யா வா," என்றான். "எத்தன தடவ இந்த வழியாப் போயிருப்ப? என்னிக்காவது ஒழுங்கா கும்பிட்டியா? ஏதோ முதுகுல பிடிப்பு வந்தவன் மாதிரி நெளிஞ்சிட்டுப் போற."

நினுவாயு இந்தத் தடவை நெளியவில்லை. விழுந்து எழுந்து, தம்பியின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். பர்ருக்கு குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் குறுக்கே பேசாததே அவருக்குப் பயமாக இருந்தது.

"சொந்தத் தம்பியா?"

"ஒரே வயித்துல பொறந்தவன்."

"சரி. நான் உனக்குக் குடுத்தா, எனக்கு நீ என்ன குடுப்ப?"

"அரசருக்கு என்ன வேணும்?"

பர்ருக்கு பாட்டுக்காரர்கள் பக்கம் கையைக் காட்டி இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னான். பிறகு குனிந்தான். "ஒரு கேள்விக்குப் பதில் வேணும். இங்க யாரக் கேட்டாலும் 'நீடூழி வாழ்க'ங்கிறான். சமையக்காரனக் கேட்டேன், நீடூழி. தலை வாரி விடுறவளக் கேட்டேன், நீடூழி. காவக்காரன் கூரையப் பாக்குறான். நீ சொல்லு. என்னக் கொல்லப்போறாங்களா?"

அதைச் சொன்னால் நினுவாயுவின் தலை போகும். அரியணைக்கு முன்னால் சாவைப் பற்றிப் பேசுவது அப்படிப்பட்ட குற்றம். அதற்கும் மேலாக, இத்தனை நாள் இந்த ஆளை ஒரு பாத்திரம் பண்டமாகவே நினைத்து வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"ஆமா," என்றார்.

"எப்போ?"

"நூறு நாள் முடியும்போது. அதுக்கு முன்னாடியே வேணும்னாலும் செய்வாங்க."

"வலிக்குமா?"

"தெரியல. கள்ளுல என்னமோ கலப்பாங்கன்னு சொல்லுவாங்க."

பர்ருக்கு மாதுளை முத்து ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். "நாசமாப் போறவனுங்க," என்றான், பெரிய கோபமில்லாமல். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "நான்தான ராஜா? பர்ருக்குவக் கொல்லக்கூடாதுன்னு நானே ஒரு உத்தரவு போட்டா?"

"போடலாம். ஆனா நூறாவது நாள் உழவர் மறுபடியும் ராஜா. உங்க உத்தரவு மேல அவர் உத்தரவு. நீங்க அவர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கீங்க."

"உன் தம்பி?"

"அவன் அதுக்குள்ள ஸாப் ஆத்தத் தாண்டி வீட்டுக்கு வந்திருப்பான். கைமாத்தி முடிஞ்சதத் திருப்ப முடியாது."

"ஆக, அவனுக்கு ஆகும், எனக்கு ஆகாது."

"ஆமா."

"ஒரு பொய்யாவது சொல்லித் தொலையேன்யா! அதிகாரிதான நீ?"

"இருபது வருஷமா அதத்தான் பண்றேன். இன்னிக்கி வரமாட்டேங்குது."

பர்ருக்கு மாதுளைத் தோலை ஒதுக்கித் தள்ளினான். "நாளைக்கு அந்த மலைக்காரனக் கூட்டிட்டு வா. செய்வேனா மாட்டேனான்னு இப்ப சொல்லமாட்டேன். ஒரு ராத்திரி நீயும் வயித்தக் கலக்கிக்கிட்டுப் படு. நான் தினம் அப்படித்தான் படுக்குறேன்."

மறுநாள் அரச சபை கூடியது. நினுவாயு கண் சிவந்து நின்றார். நபு-கஷிர் வழக்கம்போல அரியணைக்குப் பக்கத்தில் நின்றார். தூதன் வந்தால் அரசர் தலையை ஆட்டுவார், ஒரு கிண்ணம் கள் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. அஸ்பாரா விழுந்து வணங்கி, பையனைக் கொடுத்துத் தம்பியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான்.

பர்ருக்கு தலையை ஆட்டவில்லை. "அந்தப் பையன் எங்க? கூட்டியாங்க."

தர்ஷீ வந்தான். பையன் என்பது பழைய பேச்சு. தாடி வைத்து, நினிவேயின் சாப்பாட்டில் பூசணிக்காய்போல ஊதியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கிப்போய், "எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு. அங்க குளிரும்," என்றான். நினுவாயுவுக்கு அவனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல இருந்தது.

"குளிரடிச்சா கம்பளியப் போத்திக்க," என்றான் பர்ருக்கு. "உங்கப்பன் பாத்துட்டு இருக்கான். கிளம்பு. ராஜா சொல்றேன்."

நபு-கஷிர் குறுக்கே வந்தார். "அரசர் களைப்பா இருக்கார். சபை இதோட..."

"பூசாரி! நான் ராஜாவா, இல்லியா?"

பூசாரி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லு. மேல கேக்கணும்."

பூசாரியின் வாழ்நாள் படிப்பு அத்தனையும் அவரை ஒரே பதிலில் கொண்டுபோய் முட்டியது. "நீங்கதான் அசீரியாவோட மகாராஜா."

"அப்ப எழுத ஈர மண்ணக் கொண்டா."

களிமண் வந்தது. எழுத்தர் எழுதினார். கழுத்திலிருந்த உருளை முத்திரையைப் பர்ருக்கு களிமண்ணின் மேல் அழுத்தி உருட்டினான். ஆற்றங்கரைக்காரன் கை, மண்ணைத் தொட்டதும் பழகிய மாதிரி உருட்டியது. முடிந்ததும், "இன்னொண்ணும் எழுது," என்றான். "டைக்ரிஸ் துறையில சுங்கம் வாங்குற பெரிய வயித்துக்காரன், பனிக்காலம் முடியுற வரைக்கும் அவனே தெப்பம் தள்ளணும். வர்றவன் போறவன் யார்கிட்டயும் ஒரு மணி பார்லி வாங்கக்கூடாது. வைதா பதிலுக்கு வையக்கூடாது." அதற்கும் முத்திரை விழுந்தது. சபையில் பலபேர் தாடிக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

வெளியே வந்த அஸ்பாரா நினுவாயுவின் தோளில் ஓங்கித் தட்டினான். "நாலு வருஷமா இந்த ஊர்ல நான் ஒரு ராஜாவையும் பாக்கல ஓய். இன்னிக்கிதான் பாத்தேன்." அன்றைக்கே கழுதையை அவிழ்த்தான், தர்ஷீயை மேலே ஏற்றிக் கட்டாத குறையாக.

செய்தி வயலுக்குப் போவதற்குள் அவர்கள் மலையடிவாரத்தைப் பிடித்திருப்பார்கள் என்று நினுவாயு கணக்குப் போட்டிருந்தார். ஆனால் செய்திக்குக் கால் அதிகம். சாயங்காலமே உழவரிடமிருந்து ஆள் வந்தது. குடிசையில் நபு-கஷிரும் இருந்தார், அடிபட்ட கோழி மாதிரி.

"யாரக் கேட்டுடா விட்டான் அவன்?" உழவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "குதிரைக்காரனுங்கள அனுப்பி மறிங்க!"

"மறிக்கலாம்," என்றார் பூசாரி, தரையைப் பார்த்து. "ஆனா அரச உத்தரவ மறிக்க அரசரால மட்டும்தான் முடியும். நீங்க மறிச்சா நீங்கதான் அரசர். நீங்க அரசர்னா கிரகணம்..." அவர் முடிக்கவில்லை. உழவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு உழவர் அமைதியான குரலில் கேட்டார். "அரசர் எப்போ விதிவழிப் போவார்?"

"நூறு நாளைக்கு இன்னும் பாதிக்கு மேல இருக்கு."

"அவ்வளவு நாள் எதுக்கு? விதைப்புக் காலம் வருது. உழவனுக்கு வேலை கிடக்கு."

"சகுனம் தீந்துட்டதா அறிவிச்சா... முன்னாடியே முடிக்கலாம்."

நினுவாயு அங்கேதான் நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாயும் திறந்தது. கோபத்தைக் கிளறினால் இந்த மனிதர் கிரகணத்தையும் மறந்து குதிரைகளை அனுப்பிவிடுவார். தர்ஷீ இன்னும் கணவாய் ஏறியிருக்கமாட்டான். தம்பிக்குக் கண் இருக்கவேண்டும். திறந்த வாய் மூடிக்கொண்டது. பர்ருக்குவின் மிச்ச நாட்களை நாமே எடுத்துக்கொண்டோம் என்பது அவருக்கு அந்த நிமிஷத்திலேயே தெரிந்தது.

அந்த வாரமே காரியம் முடிந்தது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முறைப்படி அரசர்களுக்குச் செய்கிற எல்லாமே செய்தார்கள். எண்ணெய், நறுமணக் கட்டைகள், கல்லறை. சபையே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. நபு-கஷிர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார். நினுவாயுவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இவ்வளவு பேருக்கு இவ்வளவு நன்றாக அழத் தெரிந்திருக்கிறதே என்று எரிச்சலாகத்தான் வந்தது. மறுநாள் உழவர் குளித்து, உடைமாற்றி, அரியணையில் ஏறி மகாராஜா ஆனார்.

முதல் பனிக்கு முன்னால் லூ-பலாத் வந்து சேர்ந்தான். போனபோது கருகருவென்றிருந்த தாடி நரைத்திருந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு, "உனக்குத் தொப்பை போட்டிருக்கு," என்றான். நினுவாயு அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் இருந்தன.

அரசர் அவனைச் சபைக்கு அழைத்தார். அழைத்தது ஏன் என்பது போனதும் தெரிந்தது.

"உன்ன நாங்க மறக்கல," என்றார் மகாராஜா, சபை முழுக்கக் கேட்கும்படி. "மலைக்காரன் எவ்வளவோ முரண்டு பிடிச்சான். ஆனா என் ஆள் அங்க தவிக்கிறான்னதும் எனக்கு மனசு தாங்கல. பெரிய மனசு பண்ணி உத்தரவு போட்டேன்."

லூ-பலாத் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "இந்த உயிர் மகாராஜா போட்ட பிச்சை," என்றான்.

நினுவாயுவுக்கு நாலு வருஷமும், அந்தக் குடிசையும், உப்பில்லாத வாத்தும் சேர்ந்து தொண்டைக்கு ஏறின. இதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?

"லூ-பலாத், எந்திரி," என்றார்.

சபை திரும்பிப் பார்த்தது. மகாராஜாவின் புருவம் உயர்ந்தது.

"மகாராஜா மன்னிக்கணும். அந்த உத்தரவு போட்ட அன்னிக்கி நீங்க வயல்ல இருந்தீங்க. உத்தரவு போட்ட ராஜா இறந்துட்டார். நாம எல்லாரும் அழுதுதான புதைச்சோம்? இல்ல, அவர் ராஜாவே இல்லன்னா..." நினுவாயு நபு-கஷிர் பக்கம் திரும்பினார். "பூசாரிய சொல்லச் சொல்லுங்க. இன்னும் சகுனம் யார் தலைமேல இருக்குன்னு அவர்தான் சொல்லணும்."

நபு-கஷிரின் முகத்தில் ரத்தம் இல்லை. "அவர்தான் ராஜா," என்றார் அவசர அவசரமாக. "அவர்தான் ஆண்டார், அவர்தான் இறந்தார். வேற யாரும் எந்த உத்தரவும் போடல."

மகாராஜாவின் தாடை இறுகியது. கடைசியில், பல்லுக்கு நடுவில், "அப்ப அவருக்கே போய் நன்றி சொல்லிக்கோங்க," என்றார்.

தன் இருபது வருஷ உத்தியோகம் அந்த வாசற்படியோடு சரி என்று நினுவாயுவுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் நடந்தார். தம்பியை அரச கல்லறைகளுக்கு அழைத்துப்போனார். ஓரமாக ஒரு புதுக் கல் இருந்தது. "அசீரியாவின் மகாராஜா" என்பதற்கு மேல் அதில் ஓர் எழுத்து இல்லை.

லூ-பலாத் செத்தவர்களுக்குச் செய்கிற முறைப்படி குடத்தைச் சாய்க்கப் போனவன் நிறுத்தினான். "பேர் சொல்லிக் கூப்பிட்டு ஊத்தினாத்தான அண்ணே தண்ணி அவருக்குப் போய்ச் சேரும்? பேர் என்ன?"

இரண்டு பூசாரிகள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். ஒருவன் ஓடிவந்து, "ஐயா, வேண்டாம், அந்தப் பேர இங்க சொல்லாதீங்க, செத்தது யாருன்னு மேல தெரிஞ்சிரும்," என்று கெஞ்சினான்.

"தெரியட்டும்," என்றார் நினுவாயு. குடத்தைத் தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆற்றின் அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற அளவுக்குச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"பர்ருக்கு!"